வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை

அடுப்படியில் டமார் என்று ஒரு சத்தம். பித்தளைக் குண்டான் ஒன்று தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி அடங்கியது.

கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்த வேம்பு தலையைத் திருப்பவில்லை.

எதிரே நாற்காலியில் இருந்த ராசாங்கம் புதையல் எடுத்தவரைப் போல நிமிர்ந்தார். "பொண்ணுக்கும் காது கேக்கலை. நான்தான் சொன்னேனே!"

பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர் அவர். சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தே வைத்தியம் முழுவதும் தனக்கு வந்துவிட்டதாக நினைப்பு. அக்காள் செல்வம்மாளின் மகனுக்குப் பெண் பார்க்க அவளோடு அரியலூர் வந்திருந்தார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்க் குண்டானைப் போட்டவள் செல்வம்மாள்; யோசனை தம்பியுடையது.

"விழுந்தது எங்கம்மா சீதனக் குண்டான். போடுறதுக்கு முன்னால உங்க அக்கா 'ஆத்தா காப்பாத்து'ன்னு முணுமுணுத்தாங்க. அதுவும் கேட்டுச்சு," என்றாள் வேம்பு.

திரும்பிப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவள் அவள். அப்பா அரியமுத்து சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்து வைத்தே காதைத் தொலைத்தவர். சித்தப்பாவுக்கும் அதே வேலை, அதே கதி. அம்மா போன பிறகு அந்த வீட்டை நடத்தியது வேம்புவின் தொண்டைதான். அரியமுத்து வீட்டில் ரகசியம் பேசினால் ரயிலடிக்குக் கேட்கும் என்று தெருவே கேலி பேசும். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் எத்தனை கண்ணீர் என்று யார் கண்டார்கள்? முன்பு வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார்கள். பேதைப் பெண் திரும்பினாள். அப்படியும் வேண்டாமென்று போய்விட்டார்கள். இந்த இடமாவது முடிய வேண்டுமென்று அரியமுத்து புது வேட்டி கட்டி, வெற்றிலைத் தட்டோடு காத்திருந்தார்.

ராசாங்கம் அசரவில்லை. "இப்பக் கேக்கும். போகப்போகப் போயிடும். அப்பனுக்கு, சித்தப்பனுக்கு... ரத்தத்துல ஓடுற வியாதி. செவிட்டு வம்சம்!"

"எங்க பெரியப்பா பஸ் கண்டக்டரு. அவருக்கு நல்லாக் கேக்குதே?"

"அவரு தாய் வழி ரத்தம்."

"எங்க அக்கா வூட்டுக்காரரு வேற வம்சம். குவாரிக்குப் போனவருக்குக் காது அடைச்சிருச்சே?"

"இந்த வூட்டுல பொண்ணு கட்டுனாருல்ல? ஒட்டிக்கிட்டிருக்கும்."

"அப்ப இது வம்சமா, ஒட்டுவாரொட்டியா? காது கேட்டா தாய் ரத்தம், கேக்காட்டி அப்பன் ரத்தம், ரத்தமே இல்லாட்டி ஒட்டிக்கிச்சு. எல்லாருக்கும் ஒரே பாட்டில்லேர்ந்து ஊத்துறீங்களே ஐயா!"

ராசாங்கம் துண்டை உதறினார். வேம்பு, அடுப்படியிலிருந்து வந்து நின்ற செல்வம்மாளிடம் திரும்பினாள்.

"குவாரியில வெடிக்காரர்கூட வேலைக்குச் சேத்துக்கிட்டாங்கன்னு உங்க மவனைப் பத்திப் பெருமையாச் சொன்னீங்களேம்மா. நாளைக்கு அவருக்கு அடைச்சா, என்னைக் கட்டுனதாலன்னுதானே சொல்லுவீங்க? அதுக்கு நான் வரலை. இப்பவே காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லுங்க."

செல்வம்மாளின் முகம் வெளுத்தது.

ஒன்றும் கேட்காமல் இவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்த அரியமுத்து தட்டைத் தூக்கினார். "என்னம்மா, மாத்திக்கலாமா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வேம்பு எழுந்து வந்தாள். அவர் காதருகே குனிந்து கத்தினாள். "வேணாம்ப்பா! எனக்குப் புடிக்கலை!"

தெருவுக்கே கேட்டது. பழி அவள் தலையோடு போகட்டும். செவிட்டு வம்சம் என்ற பேச்சு அப்பாவின் காதுக்கு வரவேண்டாம்.

ராசாங்கம் விறுவிறுவென்று இறங்கிப் போனார். செல்வம்மாள் மட்டும் வாசற்படியில் நின்றாள். தம்பிக்குக் கேட்காதபடி கேட்டாள்:

"பஞ்சு வச்சாப் போதுமா, கண்ணு?"

"போதாதும்மா. வேற வேலை பாக்கச் சொல்லுங்க."

செல்வம்மாள் தலையாட்டிவிட்டுப் போனாள். வேம்பு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.