கெஜக்கா வாங்கிய அம்புகள்

என் மாமியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. பதினோரு வருடமாக ஒரே வீடு. நான் அடுக்கி வைத்த பாத்திரத்தை அவர் மாற்றி வைப்பார், அவர் மடித்து வைத்த துணியை நான் கலைப்பேன். ஒரே உறையில் இரண்டு கத்தி. ஆனாலும் அம்பு வாங்கப் போன அன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஜன்னல் திரைத் துணி விற்கும் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். துணிச் சுருளை ஒரே இழுப்பில் இழுத்து, மூக்கிலிருந்து விரல் வரை ஒரு கெஜம், அடுத்த இழுப்பில் இன்னொரு கெஜம் என்று மளமளவென அளந்து போடுவார். மேஜையில் இரும்பு அளவுகோல் ஒன்று கிடக்கும். அது வாங்க வருகிறவர்களின் மனநிம்மதிக்கு. கடையில் அவர் பெயரே கெஜக்கா. போன வருடம் ஐம்பத்தெட்டு முடிந்ததும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். பழகிய கை சும்மா இருக்குமா? வீட்டில் போர்வையை அளந்தார். கொடியில் கிடந்த என் துண்டை அளந்தார். "இது சுருங்கிப்போச்சு" என்று தீர்ப்பும் சொன்னார்.

ஒருநாள் பேருந்து விளையாட்டு மைதானத்தின் அருகே நின்றபோது, வேலிக்கு அப்பால் நாலைந்து பேர் வரிசையாக நின்று வில்லை இழுப்பதைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னார்:

"அவங்களும் என்னை மாதிரிதான் இழுக்கறாங்க. அங்கேயே இறங்கிப் பேர் குடுத்துட்டு வந்துட்டேன்."

என் கணவர் முதலில் சிரித்தார். அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் பயந்துவிட்டார். "சரிம்மா. ஆனா ஒண்ணு. சின்னக் காயம் பட்டாலும் அன்னைக்கோட நிறுத்திடணும். சத்தியம் பண்ணு."

"சத்தியம்" என்றார் மாமியார்.

அவர் சொன்ன சொல்லை மீற மாட்டார். மலைமலையாகத் துணி கிழித்துக் கொடுத்தவர், தனக்கென்று ஒரு முழம் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்ட முதல் ஆசை இது. ஒரு கீறல் விழுந்தால் அதுவும் போயிற்று.

வில்லை மைதானத்திலேயே தருவார்கள். பழகப் பழக பலம் கூடும், வில்லும் மாறும், அதனால் புதியவர்கள் அவசரப்பட்டு வாங்கக் கூடாதாம். அம்புகள், முன்கைக் காப்பு, நாணை இழுக்கும் விரல்களுக்கு ஒரு தோல் துண்டு, இவை மட்டும் நம்முடையவை. ஒரு வாரம் அங்கே இங்கே படித்து நான்தான் பட்டியல் போட்டேன். அரைகுறைப் படிப்பு ஆளை எவ்வளவு நிமிர்த்திவிடும் என்பதற்கு அன்றைய நானே சாட்சி.

கடை மாடியில், நீளமான ஒற்றை அறை. சுவர் முழுக்க வில்கள். கடைக்காரர் கணீரென்று பேசும் நடுத்தர வயதுக்காரர். மாமியாரிடம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விடச் சொல்லி, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாக மூடவைத்து, "வலது கண்தான் உங்களுக்கு முன்னால ஓடுது, குறி பார்க்கறது அதுதான். வலது கைக்காரங்க வில் போதும்" என்றார். மாமியார் காப்பைத் திருப்பிப் பார்த்து, "தையல் ஒரு பக்கம் இழுக்குதே" என்று வேறொன்று கேட்டு வாங்கினார். எனக்கு மானம் போயிற்று.

அடுத்தது அம்பு. சுவரில் ஒட்டியிருந்த உயர அட்டவணைக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்து உயரம் பார்த்தார் கடைக்காரர். "அஞ்சடி ரெண்டு. இருபத்தாறு அங்குலம் தாராளம்." ஆறு அம்புகளை எடுத்து வைத்தார்.

மாமியார் ஒன்றை எடுத்து, அதன் வாலைத் தாடைக்கு அருகே வைத்து, இடது கையை நீட்டிப் பார்த்தார்.

"இது பத்தாதுங்க. வில்லுக்கு இந்தப் பக்கம் வந்துடும். கையில குத்தாதா?"

"இல்லம்மா, உங்க உயரத்துக்கு இதுவே கூட."

"அத்தை, அவரு இதுலயே ஊறினவரு. இது துணி இல்ல" என்றேன் நான், சுள்ளென்று.

மாமியார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "எதை இழுத்தாலும் கை அதே கைதானே" என்றார்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே லேசான வில் ஒன்றையும், அங்குலக் கோடு போட்ட நீள அம்பு ஒன்றையும் கொடுத்தார். "இழுங்க. ஆனா விட்டுடாதீங்க, மெதுவா திரும்பக் கொண்டாங்க."

மாமியார் இழுத்தார். அவசரமில்லை, நடுக்கமில்லை. நாண் தாடையில் வந்து தொட்டது. கடைக்காரர் குனிந்து கோட்டைப் படித்தார். மறுபடி படித்தார். அவர் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"இருபத்தேழரை."

இருபத்தாறு அங்குல அம்பை அதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். அதன் கூர் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, மாமியாரின் இடது கட்டைவிரலுக்கு நேர் மேலே நின்றது. நான் சொன்னதைக் கேட்டிருந்தால் முதல் அம்பிலேயே அந்தக் கையும் அந்த ஆசையும் முடிந்திருக்கும்.

பிறகுதான் இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி அளந்தார். உயரத்தைவிட முழுதாக அரை அடி கூடுதல். "இதைத்தான் நான் முதல்ல அளந்திருக்கணும். மன்னிச்சுடுங்கம்மா. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எல்லாருக்கும் விரல் நுனியில கெஜம் முடியும். எனக்கு மூணு விரக்கடை மிஞ்சும். கடைக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு விரல்களை மடக்கி, முட்டியிலதான் துணியைப் பிடிப்பேன். ஒருநாளா ரெண்டுநாளா?" என்றவர், சட்டென்று, "கை நீளம்னு மட்டும் வெளியே சொல்லிடாதீங்க. நல்ல பேரோட வேலையை விட்டு வந்திருக்கேன்" என்றார்.

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த இடது கையின் விரல்கள் எப்போதும் சற்று மடங்கியே இருக்கும். வயசானதால் என்று நினைத்திருந்தேன், பதினோரு வருடமாக. பாதுகாப்புக்கு ஒன்றரை அங்குலம் கூட்டி, இருபத்தொன்பது அங்குல அம்புகளோடு வீடு திரும்பினோம்.

முதல் வகுப்புக்கு நானும் போனேன். பயிற்சி தருபவர் என் வயதுப் பெண். மாமியார் வில்லைத் தூக்கி, நாணை இழுக்கப் போனார்.

"அக்கா, இடது கைய இன்னும் நீட்டுங்க."

நீட்டினார்.

"இன்னும்."

"இன்னுமா? எவ்வளவு?"

"உங்க கை எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

மாமியார் அப்படியே நின்றார். பிறகு வில்லைச் சுற்றி மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கை நீண்டது, நீண்டுகொண்டே போனது. இவ்வளவு பெரிய கையோடா இந்த மனுஷி எங்கள் சமையலறையில் வளைய வந்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பு போய் இலக்குப் பலகையின் ஓரத்தில், வட்டங்களுக்கெல்லாம் வெளியே குத்தி நின்றது.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. இடது கையைத் திருப்பித் திருப்பி என்னிடம் காட்டினார்.

"ஒரு கீறல் இல்ல பாரு. உன் புருஷன் கேட்டா சொல்லு."

"சொல்றேன் அத்தை" என்றேன். அவர் அடுத்த அம்பை எடுத்தார்.