ஹோர்சன்ஸ் பாலே வகுப்பும் என் இடது தோளும்

பாலே நடனம் படிப்பிக்கிறதில் உள்ள பெரிய சிக்கல், சொந்த உடம்பை வைத்துத்தான் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பது. எனக்கு நாற்பத்தேழு வயசு. பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரம் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாலே வகுப்பு. உடம்பு எந்த நிலையில் வந்து சேரும் என்று, யாருக்காவது எதையாவது படிப்பித்து மாட்டிக்கொண்ட உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கம்பி

மதுராவை ஏழு வயசில் அவளுடைய அப்பா கொண்டுவந்து சேர்த்தார். முதல் நாள் ஒரு மணித்தியாலமும் பின்னால் கதிரையில் இருந்து பார்த்தார். நான் பிள்ளைகளைச் சுவரோரக் கம்பியைப் பிடிக்கவைத்து, முழங்காலை மடக்கி நிமிரப் பழக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிய, இதுதான் அத்திவாரம், நானும் இப்படித்தான் தொடங்கினேன் என்று அவருக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி தங்கச்சி. கம்பியை எப்ப விடப்போறியள்?"

முகத்தில் தெரியக்கூடாது

டென்மார்க்கின் பழைய பாலே முறையில், துள்ளுகிற கஷ்டம் முகத்தில் தெரியக்கூடாது. இதை வாயால் சொல்லியிருக்கலாம். எனக்குச் செய்து காட்ட ஆசை வந்தது. துள்ளி எழும்பினேன். இறங்கும்போது கெண்டைக்காலில் சுளீரென்று இழுத்தது. கண்ணில் தண்ணி முட்ட, சிரித்த முகம் மாறாமல் மெல்ல நிலத்தில் குந்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பன்னிரண்டு பிள்ளைகளும் துள்ளி, சிரித்து, வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஏழு வயசு ஃப்ரேயா, இங்கத்தைய வழக்கப்படி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, டெனிஷில் சொன்னாள்:

"சுகி, கடைசித் துண்டுதான் நல்லாயிருக்கு. இன்னொருக்காச் செய்வமா?"

தோள்

மதுராவுக்குப் பதினொரு வயசானபோது, கோபன்ஹேகனில் ஒரு பெரிய பாலே பள்ளிக்கூடத்தின் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு வருசம் இரண்டு பேரும் அதுக்காகத்தான் பாடுபட்டோம். தேர்வாளர் ஒரு வயதான பெண்மணி. மதுராவைக் கையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தவர், பிறகு கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். என்னுடைய ஆசிரியர் யார் என்று கேட்டார். ரண்டர்ஸ் நகரில் எனக்குப் பழக்கிய கியர்ஸ்டனின் பெயரைச் சொன்னேன். கியர்ஸ்டன் இப்போது இல்லை. தேர்வாளரும் கியர்ஸ்டனும் சின்ன வயசில் ஒன்றாகப் படித்தவர்களாம். சைக்கிளால் விழுந்து காறையெலும்பு முறிந்த பிறகு, கியர்ஸ்டனுடைய இடது தோள் கொஞ்சம் உயர்ந்தே நின்றதாம். அதையும் பாலே என்று நினைத்து நான் கவனமாகப் பழகி, இருபத்திரண்டு வருசம் அதைவிடக் கவனமாகப் படிப்பித்திருக்கிறேன்.

அந்தப் பெண்மணி சொன்னார்: "கியர்ஸ்டனைத் திரும்பக் கண்டதில் எனக்குச் சந்தோசம். ஆனால் இந்தப் பிள்ளையை இந்த வருசம் எடுக்க ஏலாது."

ரயிலில்

திரும்பி வரும்போது மதுரா யன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பிழை என்னுடையது, உன்னுடையதில்லை என்று சொன்னேன். நான் தமிழில் சொல்ல, அவள் டெனிஷில் ஒரு சொல்லில் மறுமொழி தந்தாள். வேறு நல்ல ஆசிரியரைத் தேடித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அபூர்வமாகத் தமிழில் சொன்னாள்:

"வேறை ஆரும் வேண்டாம் அன்ரி. அடுத்த வருசம் திரும்பப் போவம். அதுக்குள்ள நீங்களும் தோளை இறக்கிப் பழகுங்கோ."

இருபத்திரண்டு வருசம் படிப்பித்த பிறகு, கண்ணாடிக்கு முன்னால் என் தோளைப் பிடித்து அமத்துகிற ஒரு கண்டிப்பான ரீச்சர் எனக்கு இப்பத்தான் கிடைச்சிருக்கிறா.