மேல் வரிசைக்கு அடித்த மருந்து

ஊரில் அவளுக்குப் 'பொறு அக்கா' என்று பெயர். ஒயின் எப்போது தயாராகும் என்று யார் கேட்டாலும், "பொறுங்க, அதுக்கே தோணணும்" என்பாள். அப்பா விட்டுப்போன சரிவில் மருந்தில்லாமல் திராட்சை வளர்த்து, பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்டைக் கொண்டே நொதிக்க விட்டு, எதையும் கலக்காமல் புட்டியில் அடைப்பதுதான் அவள் பிழைப்பு.

அந்த வருஷம் பிஞ்சு பிடித்த நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. நோய்ப்பட்ட இலைகளையும் குலைகளையும் நாள் முழுக்கக் குனிந்து கத்தரித்துச் சாக்கில் போட்டாள். வீட்டுக்கு வந்தால் விரல் மடங்காது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போவாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

மழை ஓய்ந்த ஒரு நாள், குழாய் மூடி வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பியவளுக்குத் தோட்டத்தில் நுழைந்ததுமே மூக்கில் நெடி ஏறியது. மேல் வரிசை இலைகளில் மருந்து திட்டுத்திட்டாய்க் காய்ந்திருந்தது. கணவன் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தான், மறைக்கக்கூட இல்லை.

"என்னங்க பண்ணீங்க?"

"பக்கத்துத் தோட்டத்துல மருந்து வாங்கி அடிச்சேன். அஞ்சாறு வரிசைதான். உன் கையைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

வேறு யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.  ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வரிசைப் பழம் இனி நம்ம ஒயினுக்கு ஆகாது. மருந்து பட்டதை மருந்தில்லாததுன்னு சொல்லி விக்க முடியாது. இந்த வருஷம் மட்டும் இல்லங்க, இன்னும் சில வருஷத்துக்கு."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அறுவடையின்போது அந்த வரிசைகள்தான் கொத்துக்கொத்தாய்த் தொங்கின. எல்லாவற்றையும் ஜூஸ் ஆலைக்கு அனுப்பினாள். மற்ற வரிசைகளில் மிஞ்சியது ஒரு தொட்டிக்குத்தான் கண்டது. அதுவும் கொஞ்ச நாள் நுரைத்துவிட்டுப் பேச்சுமூச்சில்லாமல் நின்றது. கடை ஈஸ்ட் போட்டால் வேலை முடிந்தது. அவள் போடவில்லை, சூடு தங்கட்டும் என்று தொட்டியைப் பழைய கம்பளியால் சுற்றினாள். பேருந்தை நிறுத்திவிட்டு வந்து, மேலே மிதக்கும் தோலைத் தினமும் அவனே கட்டையால் அமுக்கிவிட்டான்.

"நடுவுலயே குத்தாதீங்க, ஓரத்தையும் அமுக்குங்க" என்பாள், கண்ணை மூடியபடி, சத்தத்தை வைத்தே.

வாரங்கள் கழித்து அது மறுபடி மெல்ல நுரைத்தது. கடைசியில் ஒயின் கலங்கலாக, புளிப்பு கொஞ்சம் தூக்கலாக வந்தது.

"எப்படி இருக்கு?" என்றான்.

"குடிக்கலாம்."

வெளியே கொடிகள் இலை உதிர்த்து நின்றன. இத்தனை வருஷமும் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலையை அவள் ஒருத்தியே செய்திருக்கிறாள்.

"கவாத்துக்கு ஆள் வெச்சுக்கலாமா?" என்றான் தயங்கி.

"வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.