பதிமூன்றாம் நம்பர் பூட்ஸ்

டாரில் பென்வெல் தமது முப்பத்து மூன்றாம் வயதில் ஃபிஜியின் கரும்பாலை ஊரான எங்கள் வைதோவுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் ஆடி முடித்திருந்த கால்பந்துக் கழகங்கள் பத்து, நாடுகள் ஏழு. எந்த ஊரிலும் அவர் இரண்டாவது கிறிஸ்துமஸைப் பார்த்ததில்லை.

பிறந்தது அமெரிக்காவில், சோளக்காடுகள் நிறைந்த நெப்ராஸ்காவில். அங்கே கால்பந்து என்று சொன்னால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேறொரு ஆட்டத்தைத்தான் நினைப்பார்கள். பந்தைக் காலால் உதைக்க ஆசைப்பட்ட குற்றத்துக்காக அவர் உலகமெல்லாம் அலைய நேர்ந்தது. ஃபின்லாந்தில் பனிக்குள் புதைந்த பந்தைத் தேடியே பாதி ஆட்டம் போனது. லாட்வியாவில் அவர் விமானத்தில் இருக்கும்போதே கழகத்தைக் கலைத்துவிட்டார்கள். மால்டாவில் பதினொரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பிரிய அந்த பெஞ்சுக்கு மனம் வரவில்லை என்று கேள்வி. இத்தனைக்கும் கூடவே வந்தது ஒரு சக்கரம் உடைந்த நீலப் பெட்டி. அதை அவர் எந்த ஊரிலும் பாதிக்கு மேல் காலி செய்ததில்லை. எப்படியும் மறுபடி அடுக்க வேண்டும், எதற்கு வீண் வேலை?

எங்கள் செயற்குழுவில் ஆறு பேர். தேநீர் ஏற்பாடு செய்யும் மாபெரும் பொறுப்பு என்னுடையது. டாரில் வலது ஓரத்தில் மின்னலாக ஓடும் வீடியோவைப் பார்த்துத்தான் அவரை எடுத்தோம். அது ஆறு வருஷத்துக்கு முந்திய மின்னல் என்பதை ஒருவரும் விசாரிக்கவில்லை. இருந்தாலும் மனிதர் உழைத்தார். ஓரமாக ஓடிப்போய் அவர் தூக்கிக் கொடுத்த பந்துகளில் ஒன்பது கோலாயின. அவர் சொந்தமாகப் போட்ட கோல், பதினான்கு ஆட்டத்தில், பூஜ்யம்.

அவருக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் வேண்டும். வாழ்நாளில் அவர் கையெழுத்திட்ட எதுவும் எட்டு மாதத்தைத் தாண்டியதில்லை. தங்கியிருந்த மேரெசேயினி அம்மாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு பப்பாளிக்கன்று நட்டிருந்தார். "இதுல ஒரு பழமாவது தின்னுட்டுத்தாம்மா செத்துப் போவேன்" என்பார். "சாவறதுக்கு என்ன அவசரம், மொதல்ல தண்ணி ஊத்து" என்பாள் அவள்.

குழுவில் ஓட்டெடுத்தோம். மூன்றுக்கு மூன்று. தலைவர் விஜேந்த்ர கவுண்டர் டயர் கடைக்காரர். எதையும் காற்றழுத்தம் பார்த்துத்தான் முடிவு செய்வார். "கோப்பையை ஜெயிச்சா ரெண்டு வருஷம். தோத்தா ஏர்போர்ட்டுக்கு நானே கார்ல கொண்டு விடறேன்" என்றார்.

எதிர்த்த மூவருக்கும் கோல் ஒரு பொருட்டே அல்ல என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். அவர்களின் குறை வேறு.

வந்த முதல் வாரமே கோல்கீப்பர் வைசாலே, "டாரிலு, கெரெகெரே, அந்தக் கறுப்புக் கண்ணாடி" என்று கை நீட்டினான். டாரில் விழித்தார். மேரெசேயினிதான் விளக்கினாள்: "கெரெகெரேன்னு ஒருத்தன் கேட்டா குடுத்துடணும் ராசா. இல்லேன்னு சொல்லிட்டு நாளைக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்குவ?"

டாரில் இந்தச் சட்டத்தை ஓர் அமெரிக்கருக்கே உரிய கறார்த்தனத்தோடு கடைப்பிடித்தார். கறுப்புக் கண்ணாடி போனது. காதில் மாட்டும் பாட்டுக் கருவி போனது. ஃபின்லாந்திலிருந்து கொண்டுவந்த பஞ்சுக் கோட்டை மீன் கிடங்கின் குளிர் அறையில் வேலை பார்ப்பவர் வாங்கிப் போனார். ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் அது உதவும். இப்படி வாரி வழங்கிய வள்ளல் ஒரே ஒரு காரியத்தை மறந்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

"என் வீட்டு மாமரத்தைப் பாத்துக்கிட்டே போறான். ஒரு வார்த்தை கேக்கறானா?" என்று கொதித்தார் துணைத் தலைவர் ஹனீஃப். "சந்தையில போய் மாம்பழம் வாங்குறானய்யா, என் கண்ணு முன்னாலயே! நம்மகிட்ட வாங்கித் தின்னா அவனுக்குக் கேவலமா? திமிரு!"

இந்தத் திமிருக்குத்தான் மூன்று ஓட்டு எதிராக விழுந்திருந்தது. யாரும் அதை டாரிலிடம் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா அது?

இறுதி ஆட்டம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, துறைமுகத்து அணியோடு. அன்று காலை டாரில் கொல்லையில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது எதிரே ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. மேரெசேயினியின் அண்ணன் மகன் இசிகேலி. துறைமுகத்து அணியின் இடது தடுப்பாட்டக்காரன். அதாவது அன்று முழுக்க டாரிலை மறிக்க வேண்டியவன். மேரெசேயினி டாரிலை மகனாக ஏற்றுக்கொண்டுவிட்டதால், முறைக்கு மச்சான்.

"தின்னு மச்சான், நல்லாத் தின்னு. இன்னிக்கு என்னைத் தாண்ட முடியாம நடு மைதானத்துல படுத்துத் தூங்கப் போற."

"உன்னைத் தாண்ட ஓடணுமா என்ன? நடந்தாலே போதுமே மச்சான்."

சிரித்துக்கொண்டே திரும்பிய இசிகேலியின் கண் கொடிக்கம்பியில் காய்ந்துகொண்டிருந்த பூட்ஸில் விழுந்தது. பதிமூன்றாம் நம்பர், டாரிலிடம் இருந்த ஒரே ஜோடி. அந்த வட்டாரத்தில் அத்தனை பெரிய பாதம் இரண்டே பேருக்குத்தான். இருவரும் அப்போது ஒரே கொல்லையில் நின்றார்கள்.

"மச்சான்... கெரெகெரே."

மேரெசேயினி கையில் பிடித்த கரண்டியோடு சிலையானாள். டாரில் ஒரு கணம் பப்பாளிக்கன்றைப் பார்த்தார்.

"எடுத்துக்கோ மச்சான்."

இது துறைமுகத்தாரின் சதியா என்று ஆராய எங்கள் குழு பின்னாளில் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. கமிஷன் யங்கோனா என்ற வேர்ச்சாற்றை ஒரு பெரிய கிண்ணம் குடித்து முடித்து, இசிகேலியின் பழைய பூட்ஸ் உண்மையிலேயே வாயைப் பிளந்திருந்தது, சதி ஏதுமில்லை என்று தீர்ப்பளித்தது.

கடைவீதியில் கிடைத்த மிகப் பெரிய பூட்ஸ் பதினொன்றாம் நம்பர். அதில் டாரிலின் குதிகால் வெளியே நின்றது. பன்னிரண்டரைக்கு ரப்பர் செருப்போடு வீடு திரும்பினார்.

"அம்மா, அதைத் திருப்பிக் கேட்டா என்ன?"

"குடுத்ததையா? அதுக்கு நீ இப்பவே ப்ளேன் ஏறிடலாம்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"வேற எதாச்சும் கேளேன்! வந்து ஏழு மாசம் ஆச்சு. உனக்கு என்ன வாயில்லையா?"

ஏழு மாதம் ஊரே சொல்லாத சேதி இப்படி ஒரு திட்டாகத்தான் அவருக்கு வந்து சேர்ந்தது. டாரில் செருப்பு சடசடக்க மைதானத்துக்கு நடந்தார். மரத்தடியில் துறைமுகத்து அணியின் பஸ் நின்றது. உள்ளே டாரிலிடம் வாங்கிய பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான் இசிகேலி. அவன் காலடியில் கிடந்தது பழைய ஜோடி, அடிப்பாகம் மீன்பிடி நரம்பால் கட்டப்பட்டு.

டாரில் பஸ் படியில் ஏறி நின்றார். பத்துக் கழகங்களில் அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை.

"மச்சான், கெரெகெரே. அந்தப் பழசு."

இசிகேலி துள்ளி எழுந்ததில் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. "கேட்டுட்டான்! டேய், என் மச்சான் வாயைத் தெறந்து கேட்டுட்டான்டா!"

துறைமுகத்து அணி மொத்தமும் இந்த நாட்டு மரியாதைப்படி உள்ளங்கை குவித்து மூன்று முறை கை தட்டியது. அவர்களுடைய பயிற்சியாளருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஏண்டா, எதிரிக்கா பூட்ஸ் குடுக்கற?"

"எதிரிக்கு இல்ல கோச்சு. அத்தை மவனுக்கு."

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் துறைமுகத்தார் ஒரு கோல் போட்டார்கள். டாரில் ஓடும்போதெல்லாம் பூட்ஸின் அடிப்பாகம் வாத்து போலக் கத்தியது. அவர் எந்தப் பக்கம் வருகிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே இசிகேலி தெரிந்துகொண்டான். எண்பத்தோராம் நிமிஷத்தில் டாரில் வழக்கம்போல் நடுவே பந்தைத் தூக்கிக் கொடுக்க உதைத்தார். பூட்ஸைக் கட்டியிருந்த மீன்பிடி நரம்பு அறுந்தது. அடிப்பாகம் பந்தை வேறு பக்கம் தட்டிவிட, அது வளைந்து நெளிந்து, கோல்கீப்பரின் ஆச்சரியத்தைத் தாண்டி வலைக்குள் போய் உட்கார்ந்தது. பதினைந்தாம் ஆட்டத்தில் முதல் கோல்!

"அது என் பூட்ஸு போட்டது!" என்று முதலில் கூவியவன் இசிகேலி.

ஏழு நிமிஷம் கழித்து அதே இசிகேலி பாதி மைதானத்திலிருந்து ஓங்கி உதைத்தான். அது எங்கள் வைசாலேயின் தலைக்கு மேலாக உள்ளே இறங்கியது. வைசாலே அப்போது டாரிலின் கறுப்புக் கண்ணாடியை அணிந்திருந்தான் என்பதையும், அந்த உதை டாரிலின் பூட்ஸிலிருந்து புறப்பட்டது என்பதையும் வரலாறு கவனிக்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

கவுண்டர் கையில் கார் சாவியோடு நின்றார். சொன்ன சொல் தவறாதவர். டாரில் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் பூட்ஸின் மேல்பாதியுமாக அவர் முன்னால் வந்தார்.

"அண்ணே, கெரெகெரே."

"என்ன வேணும் தம்பி?"

"ரெண்டு வருஷம்."

கவுண்டர் கார் சாவியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து ஹனீஃப் பொறுமை இழந்தார்: "என்ன தலைவரே யோசனை? அதான் பையன் வாய்விட்டுக் கேட்டுட்டான்ல! எழுதிக் குடுங்க!"

சாவி பைக்குள் போனது. "சரி. எனக்கும் ஒண்ணு கெரெகெரே" என்றார் கவுண்டர். "அந்த நீலப் பெட்டி."

எதைக் கேட்டாலும் கொடுக்கிற மனிதர் அன்றுதான் கொஞ்சம் தயங்கினார். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தார். அடியிலிருந்து ஒற்றைக் கம்பளிக் கையுறையும், லாட்வியா பஸ் சீட்டும், நெப்ராஸ்கா சோளமணிகள் நாலும் விழுந்தன. பெட்டி இப்போது டயர் கடைப் பின்கட்டில் திறந்தபடி இருக்கிறது. அதில் கவுண்டரின் செவலைக் கோழி அடைகாக்கிறது.

டாரிலின் தொல்லைதான் இப்போது தாங்க முடியவில்லை. ஹனீஃபின் மாமரத்தில் எட்டுகிற கிளையில் பழமே கிடையாது. போன வாரம் என் குடையைக் கேட்டார். மழைக்காலம். கொடுத்தேன்.

பப்பாளி பழுத்துவிட்டது. முதல் பழத்தை இசிகேலி வந்து கேட்டு வாங்கிப் போய்விட்டான். டாரில் அதற்காக ஒன்றும் வருந்தவில்லை. மரத்தடியில் நின்று, அடுத்த காய் எது என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.