மருதாணி இல்லாத கால்

பால் குடிக்கும்போதுதான் முதலில் கவனித்தேன். என் மகள் கயல் நான்கு வாய் உறிஞ்சுவாள். விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளின் நடுவே தோல் உள்ளே இழுபட்டது. எடை ஏறவில்லை.

கடலூரில் வீசிங் என்றார்கள். நெபுலைசர் (மருந்தை மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) வைத்தோம். அவள் மூச்சு மாறவில்லை. நாங்கள் களைத்துப்போனோம்.

சிதம்பரத்தில் குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவரிடம் போனபோது அவளுக்கு ஒன்பது மாதம். நாத்தனார் கல்யாணம் அப்போதுதான் முடிந்திருந்தது. கயலின் கைவிரல்களில் மருதாணி செக்கச்செவேலென்று பிடித்திருந்தது. நர்ஸ் ஆக்ஸிமீட்டரை (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவி) விரலில் மாட்டினார். எண்பத்தெட்டு. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும்.

“மருதாணி வச்சிருக்கீங்கல்ல, அதான் தப்பா காட்டுது. அழிஞ்சதும் வாங்க,” என்றார்.

என் கணவர் நிம்மதியாகப் பையை எடுத்தார். எனக்கும் அதை நம்ப ஆசைதான். ஆனால் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்ப்பது என் வேலை. அளவில் சந்தேகம் வந்தால் மீட்டரைக் குறை சொல்லுமுன் இடம் மாற்றி வைத்துப் பார்ப்போம். கயலின் இடது காலில் மருதாணி இல்லை. வைக்கும்போதே உதைத்து, நாத்தனார் புடவையில் அப்பிவிட்டாள்.

“மாமா, கொஞ்சம் இருங்க,” என்று கணவரை நிறுத்தினேன். “சிஸ்டர், இந்தக் கால் கட்டவெரல்ல ஒரு தடவ வச்சுப் பாருங்க.”

“நீங்களே டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்,” என்றபடி மாட்டினார். குழந்தை அசையாமல் தூங்கும்வரை காத்திருந்தோம். எண்பத்தெட்டு. பிறகு எண்பத்தேழு. நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனார். கணவர் பையைக் கீழே வைத்தார்.

சி.டி. ஸ்கேனில் தெரிந்தது நெஹி (நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்களில் ஒருவகைச் செல்கள் அளவுக்கு மீறி இருக்கும் அரிய நோய்).

“ஆஸ்துமா மருந்து இதுக்குக் கேக்காதும்மா. இப்போதைக்கு ஆக்ஸிஜன், நல்ல சாப்பாடு. வளர வளர பெரும்பாலும் கொறையும்,” என்றார் டாக்டர்.

எத்தனை நாள் என்று கணவர் கேட்டார்.

“நாள் கணக்கு வேணாம் சார். வருஷமா யோசிங்க.”

உங்கள் குழந்தைக்கும் மூச்சு வேகம் குறையாமல், எடை ஏறாமல், மருந்தும் கேட்காமல் இருந்தால், தூங்கும்போதும் ஆக்ஸிஜன் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவள் மூச்சின் வேகத்துக்கே என் மூச்சும் போவதைச் சில சமயம் கவனித்து, நிறுத்தி, மெதுவாக இழுத்துவிடுகிறேன். மருதாணிச் சிவப்பு நக நுனிக்கு வந்துவிட்டது. நேற்று கடைசித் துண்டை வெட்டினேன். ஆக்ஸிஜன் குழாய் மூக்கில் இருப்பதால் அடியில் வளர்ந்த நகம் இளஞ்சிவப்பாக இருந்தது.

நாத்தனார் போன் செய்தாள். அவள் ஓரகத்திக்கு வளைகாப்பாம். “கயலுக்கு மருதாணி வைக்கலாமா அண்ணி?”

“வை. ஒரு கால மட்டும் வுட்டுடு,” என்றேன்.