பாலாறு கடலில் சேரும் இடம்

ஆம்பூர்க்காரர்களுக்குப் பாலாறு என்றால் மணல்தான். ஷூ கம்பெனிக்குப் போக நான் தினமும் அதன் குறுக்கேதான் நடக்கிறேன். செருப்பு நனைவது வருஷத்தில் நாலு நாள் இருந்தால் அதிகம். அந்தத் திமிரோடுதான் பொங்கல் லீவில் கடற்கரைக்குப் போனேன்.

புதுப்பட்டினத்தில் கிளம்பி, பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பம் வரை கடலோரமாகவே நடப்பது என் திட்டம். என் வீட்டுக்காரர் வெயிலைத் திட்டிக்கொண்டே கூட வந்தார். வழியெல்லாம் அழகு: சவுக்குத் தோப்பு, நீலமும் மஞ்சளுமாகப் படகுகள், மணலில் காயும் நெத்திலி. ஒவ்வொரு குப்பத்திலும் அவர் உட்காரப் பார்த்தார். நான் விரட்டினேன்.

பதினொரு மணிக்கு ஆறு குறுக்கே வந்தது. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்திருந்தது. அகலம் எங்கள் தெரு நீளம்கூட இல்லை. எதிர்க்கரையில் மூன்று பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோட்டுப் பாலத்துக்கே போய்டலாம். எனக்கு நீச்சல் தெரியாதுல்ல?" என்றார்.

"அவ்ளோ தூரம் யாரு திரும்பி நடக்கறது? இது நம்ம பாலாறுதாங்க. பொறந்ததுலேர்ந்து தாண்டுறோம். இதுக்குப் போய் இன்னா பேஜார் பண்றீங்க?"

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேன்ட்டைச் சுருட்டினார். கை கோத்துக்கொண்டு இறங்கினோம்.

முழங்கால், பிறகு இடுப்பு. எதிர்க்கரையில் ஒருவர் எழுந்து கையை ஆட்டினார். வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த அடியில் காலுக்குக் கீழே மணல் ஓடியது. மேலே சாதுவாகத் தெரிந்த தண்ணீர் அடியில் கடலைப் பார்த்து இழுத்தது. அவர் கனம் என்னைச் சாய்த்தது. நானும் போய்விடுவேன் என்று பயந்தேன். தானாகக் கை நழுவியது என்று சொல்லிக்கொள்ளலாம், நான்தான் உதறினேன்.

நாலு எட்டில் எனக்கு எதிர்க்கரையை ஒட்டிய மணல்திட்டு கிடைத்தது. திரும்பினால் அவர் தலை கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கை ஆட்டியவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தார். மற்ற இருவரும் மறுமுனையைப் பிடித்தார்கள். தலை ஒருமுறை மறைந்தது. மறுபடி தெரிந்தபோது, சட்டைக் காலர் அந்த மனிதர் கையில் இருந்தது.

கரையில் கிடத்தியதும் என் வீட்டுக்காரர் உப்புத்தண்ணீராக வாந்தி எடுத்தார்.

"கடல் உள்வாங்குற நேரத்துல முகத்துவாரத்துல எவனாவது எறங்குவானா? எந்த ஊரு நீங்க?" என்று காப்பாற்றியவர் கத்தினார். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மூச்சு சீரானதும் வீட்டுக்காரர் கண் என்னைத்தான் தேடியது.

"ரொம்ப பயந்துட்டியா? சாரிம்மா. நடுவுல உன் கைய உட்டுட்டேன்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள். "பரவால்லங்க" என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸிலும் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். இரண்டு முறையும் மன்னித்தேன்.