சும்மா நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

டிரைவர்கள் நாங்கள் காத்து நிற்கும் பார்க்கிங்கில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மெத்தை என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஓட்டினால் பின்சீட்டில் இருப்பவர் இரண்டு தெரு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவன். "கால் உடைஞ்ச ஆளை ஏத்திக்கிட்டு ஒரு பள்ளத்துல இறக்கிப் பாருங்கண்ணே, அவர் போடுற கூச்சல்ல பிரேக் தானா பழகிடும்" என்பான். ஆள் வாயில்லாப் பூச்சி. எனக்கு நேர்மாறு.

நான் ஒரு டாக்டரின் பழைய காரை ஓட்டுகிறேன். அவன் ஓட்டியது ஒரு டைல்ஸ் கடை முதலாளியின் புது ஹைப்ரிட் எஸ்யூவி. பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும் வண்டி. சீட் முதுகைப் பிடித்துவிடும், கீழிருந்து குளிர்காற்று ஊதும், கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று ஷோரூம்காரர் சொன்னதை முதலாளி வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கிடைத்ததோ பதினொன்று.

குறையாமல் என்ன செய்யும்? முதலாளி மீட்டிங்குக்குப் போனால் திரும்பி வரும்வரை ஏசி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் உட்காரும்போது சீட் ஜில்லென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. அவர் மீட்டிங் பாதி நாள் நடக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும், நிற்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். பூனை நடப்பது போன்ற சத்தம். நாள் முழுக்க அங்கே நிற்கும் எங்களுக்குக் கேட்கும். உள்ளே மாடியில் இருக்கும் முதலாளிக்கு எங்கே கேட்கப்போகிறது?

இதில் என் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அந்தக் குளிரில் டிரைவர் உட்காரக் கூடாதாம். லெதர் சீட்டில் வியர்வை நாற்றம் ஏறிவிடுமாம். ஆளே இல்லாத வண்டி உள்ளே குளுகுளுவென்று இருக்கும். இவன் வெளியே சுவரோரம் நிழல் நகர நகர, கூடவே நகர்ந்துகொண்டிருப்பான்.

"உள்ள போய் உக்காருடா, யாரு பாக்கப் போறா?" என்று கத்துவேன்.

"வண்டிக்குள்ள கேமரா இருக்குண்ணே."

மைலேஜ் குறையக் குறைய முதலாளியின் பார்வை மாறியது. தினமும் இறங்கும்போது, "பாதி பெட்ரோல் எங்கடா போகுது?" என்று கேட்டார். பிறகு ஒருநாள் மெத்தையின் மனைவிக்கே போன் போட்டு, "உன் புருஷன் வீட்டுக்கு என்ன கொண்டு வர்றான்?" என்று விசாரித்தார். இப்படி ஒரு மாதம் ஓடியது. கடைசியில் எங்கள் அத்தனை பேர் முன்னாலும் டிக்கியைத் திறக்கச் சொல்லி, டியூப் இருக்கிறதா, கேன் இருக்கிறதா என்று தேடினார். சாப்பாட்டுப் பையைக்கூட உதறிப் பார்த்தார்.

"நிக்கும்போதும் இன்ஜின் ஓடுதுங்க. ஏசி போட்டபடியே இருக்குல்ல" என்றான் மெத்தை.

"பேட்டரி வண்டி நிக்கும்போது எதுக்குடா பெட்ரோல் குடிக்குது? யாருக்குக் காது குத்துற? இன்னும் ஒரு வார்த்தை பேசினா போலீஸ்தான்."

சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார். அதோடு விட்டாரா? டிரைவர் அனுப்பும் ஏஜென்ட்டுக்கும் போன் போட்டு, இவன் பெட்ரோல் திருடன் என்று சொல்லிவிட்டார். எங்கள் தொழிலில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் சைக்கிளைக்கூட யாரும் நம்பித் தரமாட்டார்கள். ஏஜென்ட் ஒன்றைத்தான் சொன்னார்: "அவரே கூப்பிட்டு, இவன் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே வேலை போட்டுத் தர்றேன்."

அடுத்து வண்டியை ஓட்டியவர் முதலாளியின் சொந்த மச்சான். மைலேஜ் பத்துக்கு இறங்கியது. மச்சானைத் திருடன் என்று சொல்ல முடியுமா? முதலாளி ஷோரூமுக்குப் போய்க் குதித்தார். அங்கே மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் ஓடினதுல பாதிக்கு மேல வண்டி சும்மா நின்ன நேரம் சார்" என்றாராம். சமாதானத்துக்கு இலவச சர்வீஸும் தந்தார்களாம். இதையெல்லாம் மச்சானே பார்க்கிங்கில் எங்களிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி யாருக்கோ குளியலறை டைல்ஸ் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், உண்மை தெரிஞ்சுபோச்சே. ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டு, அவன் எடுக்கலைன்னு சொல்லிடுங்க."

"நான் எதுக்குய்யா சொல்லணும்? தப்பு ஷோரூம்காரன் மேல. என்னையே ஏமாத்திட்டானே!"

"திருடன்னு சொன்னது நீங்கதானே சார்?"

"எடுக்கலைன்னா நின்னு பேசியிருக்கணும்ல? ஏன் வாயை மூடிக்கிட்டுப் போனான்?"

போலீஸ் என்று மிரட்டி அந்த வாயை மூடியது யார்? கடையே திரும்பிப் பார்க்கும்படி அதைக் கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதில் பாதியை எழுத முடியாது. நான் பார்க்கிங்குக்குத் திரும்புவதற்குள் அவர் என் டாக்டருக்கு போன் போட்டுப் புகார் சொல்லிவிட்டிருந்தார். அந்த போனுக்கு மட்டும் மனுஷனுக்கு நேரம் கிடைத்தது.

சாயங்காலம் மெத்தை வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. வாசல் குழாயடியில் அவன் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"விடுங்கண்ணே" என்றான்.

"எதைடா விடுறது? உனக்குக் கோபமே வராதா? மூணு மாசமா வீட்ல உக்காந்திருக்க. நாளைக்கு ஏஜென்ட்கிட்ட நான் வரேன், மச்சானையும் இழுத்துட்டு வரேன்."

அவன் குழாயடிப் பக்கம் பார்த்து, "இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டான். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த மெக்கானிக் சொன்னதை இவகிட்ட ஒரு தடவை நீங்க சொல்லுங்க."

"ஏன், நீ சொல்லலையா?"

"நான் எடுக்கலைன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன்" என்றான். முதல்முறையாக அவன் குரல் உயர்ந்தது. "முதலாளி போன் போட்டதிலிருந்து, ஒவ்வொரு நாளும் இவ பெட்ரோல் வாடை வருதான்னு என் சட்டையை மோந்து பாத்துட்டுத்தான் ஊறப்போட்டாண்ணே."